ஒரு சிகரெட் பெட்டி உயரம்

“சான் இசித்ரோவே நேர்ல வந்து முட்டி போட்டுக் கேட்டாலும் சரி, இந்த வண்டிய ஒரு விரக்கடை உசத்த மாட்டேன். வேணும்னா தரை கீழ இறங்கிக்கட்டும்!”

ரிங்கோன் செக்கோ கிராமத்தின் வரலாற்றில் பொறிக்கத்தக்க இந்த வாசகத்தை கோஸ்மே அர்ச்சுலேட்டா உதிர்த்த இடம் சிற்றாலயத்து முற்றம். வேளை, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் காப்பியும் சோம்பு பிஸ்கட்டுமாக நின்ற வேளை. பாதிரியார் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார். அவர் தம் கையிலிருந்த பிஸ்கட்டை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோஸ்மேயின் மனைவி பெர்சபே சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யோசித்து, கணவன் சார்பில் இன்னொன்றும் போட்டாள்.

பேச்சு அங்கே போய் நின்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு தம்பதி சிற்றாலயத்துச் சாவியையும் சான் இசித்ரோவையும் பொறுப்பேற்றுக்கொள்வது வழக்கம். சாவி கனமானது, புனிதர் லேசானவர். பருத்திமர வேரில் செதுக்கிய, முழங்கை உயரச் சிலை. உழவர்களின் புனிதர் என்பதால் அவர் காலடியில் இரண்டு குட்டி எருதுகள், ஒரு கலப்பை, அதைப் பிடித்து உழ ஒரு தேவதூதன். அவர் திருநாளான மே மாதத்து நாளில் அவரை வயல்களுக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். அவர் வயலைப் பார்த்தால் வானம் எங்களைப் பார்க்கும் என்பது ஒப்பந்தம். அந்த ஆண்டு மலையில் பனி சரியாக விழவில்லை. ஆகவே பார்க்க வேண்டிய அவசரம் எங்கள் பக்கம்தான் அதிகம் இருந்தது.

அவ்வாண்டுப் பொறுப்பு கோஸ்மேக்கும் பெர்சபேக்கும் வந்தது. வந்த கையோடு கோஸ்மே, புனிதர் இம்முறை தன் இம்பாலா காரில்தான் எழுந்தருளுவார் என்று அறிவித்தான். அதற்கு டோன்யா கசிமிரா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாசனக் கால்வாயின் தலைவி அவர். கால்வாயில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பவர், சிகரெட்டும் மண்வெட்டியும் இல்லாமல் யாரும் அவரைக் கண்டதில்லை.

“வயலுக்குப் போற வழியில வாய்க்கா மேடு இருக்கே, மகனே. உன் தோசைக்கல்லு அதுமேல எப்படி ஏறும்? ஒரு நாளைக்காவது உசத்திக்கோயேன்.”

அவர் உண்மையில் சொன்னது சோள அடைக்கல்லு. அடுப்படியில் தட்டையாகக் கிடக்கும் எந்த இரும்பும் எனக்குத் தோசைக்கல்தான். எப்படியானாலும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மேற்படி வாசகம் பிறந்தது.

கோஸ்மே யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாவட்டச் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டுபவன், அதாவது மண் சாலையைச் சுரண்டிச் சமன்செய்யும் அந்த நீளமான மஞ்சள் இயந்திரத்தை. நாற்பதைத் தொட்டவன், ஒல்லி, தலைக்கு வைக்காத எண்ணெயையும் சேர்த்து மீசைக்கு வைப்பவன். அவனுடைய இம்பாலா அறுபத்திரண்டாம் வருடத்தது. கூரை மடங்கும், நிறம் கனிந்த செர்ரி. நியூ மெக்சிகோவின் இந்த வடக்குப் பள்ளத்தாக்கில் வண்டி தரையை எவ்வளவு நெருங்குகிறதோ, அதை ஓட்டுபவனின் தலை அவ்வளவு நிமிரும். ஞாயிறு மாலைகளில் எஸ்பன்யோலா நகரத்து ஆற்றோரச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாணப் பெண் நடக்கிற வேகத்தில் போகும். வேகமாகப் போவது வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவர்களின் காரியம்.

மாவட்டத்தின் மண் சாலைகள் அனைத்தையும் சமமாகப் பேணுவது கோஸ்மேயின் கடமை. பேணினான். ஆனால் அவன் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் மண் சாலை மட்டும் பில்லியர்ட்ஸ் மேஜைபோல இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் விசாரித்தால், “எங்க ஊரு மண்ணு வாகு அப்படி” என்பான். சாலைக்குத் தக்கபடி வண்டியை வைத்துக்கொள்வது சாமானியர் முறை. வண்டிக்குத் தக்கபடி சாலையை வைத்துக்கொள்வது கோஸ்மே கண்ட முறை.

அவன் புகை பிடிப்பதில்லை. ஆனாலும் டாஷ்போர்டின்மீது பிரிக்காத சிகரெட் பெட்டி ஒன்று நிரந்தரமாக இருந்தது. அது அளவுகோல். வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே அந்தப் பெட்டியை நிற்க வைத்து, வண்டியை அதன்மேல் மெல்ல உருட்ட வேண்டும். பெட்டி விழுந்தால் வண்டி உத்தமம். விழாமல் நின்றால் அந்த வண்டியில் மளிகை வாங்கப் போகலாம், அவ்வளவுதான். பள்ளத்தாக்கு முழுவதும் ஒப்புக்கொண்ட அளவை முறை இது.

இம்பாலாவை இறக்கிய வைபவம் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நடந்தது. அதுவரை டிக்கியில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கித்தான் இறக்கி வைத்திருந்தான். ஒரு மழையில் டிக்கி ஒழுகி, மூட்டைகள் மூன்றும் ஒரே பாறையாகி, அதை உளி வைத்துப் பெயர்த்த பிறகு, “நிரந்தரமா ஒரு வழி பண்ணணும்” என்று முடிவெடுத்தான். நிரந்தர வழியோடு வந்தவர் கொம்பாத்ரே தியோஃபிலோ. கோஸ்மேயின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் என்பதால் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். தியோஃபிலோ இரும்பு வேலிகளும் கதவுகளும் வெல்டிங் செய்பவர். அவரே ஒரு கதவு அகலம் இருப்பார்.

ஸ்பிரிங்கைக் கழற்றி ரம்பத்தால் வேண்டிய அளவு அறுப்பது சரியான முறை. தியோஃபிலோவின் முறை வேறு. ஸ்பிரிங்கைக் கழற்றாமலே கேஸ் தீயை அதன்மேல் காட்டினார். ஸ்பிரிங் சிவந்தது. இம்பாலா ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

“பாத்தியா கொம்பாத்ரே? இரும்போட சண்டை போடக் கூடாது. தட்டிக் குடுத்தா அதுவே கேக்கும்.”

இரும்பு கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் வினையாயிற்று. தீயில் வீம்பை இழந்த ஸ்பிரிங் அதன் பிறகு எந்தப் பாரத்தையும் எதிர்த்துப் பேசவில்லை. மேற்படி சவால் விடுத்த ஞாயிறன்று சிகரெட் பெட்டி நிமிர்ந்த வாக்கில் பொருந்தி, மேலே லேசாக உரசியது. ஈஸ்டருக்குள் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தினால்தான் நுழைந்தது. ஏப்ரல் கடைசியில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டியிருந்தது. உலகத்தில் தன் வண்டி தானாகவே தாழ்ந்துகொண்டு போவதைக் கண்டு பயந்த முதல் ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கோஸ்மேயாகத்தான் இருக்க வேண்டும்.

பெர்சபே சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள்.

“கோஸ்மே, வண்டி இன்னும் உக்காந்துட்டே இருக்கு போல?”

“குளிர்ல இரும்பு சுருங்கும்.”

“இப்ப வெயில் அடிக்குதே.”

“வெயில்ல தளரும்.”

“அப்ப அது நிமிர்றதுக்குன்னு ஒரு பருவமே கிடையாதா?”

இத்துடன் நின்றிருந்தால் கோஸ்மே தூங்கியிருப்பான். ஆனால் வண்டி சத்தமும் போடத் தொடங்கியது. இடப்பக்கம், பின்னால். சின்னப் பள்ளத்தில் இறங்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் முதலில் ஒரு ‘ஸ்ஸ்’, பிறகு ஒரு ‘டக்’. யாரோ பின்சீட்டில் அமர்ந்து பெருமூச்சு விட்டு, ‘ச்சு’ கொட்டுவதுபோல.

கோஸ்மே உடனே தியோஃபிலோவை அழைத்து வந்தான். அவர் வண்டியில் ஏறி முன்சீட்டில் வலப்பக்கம் பரவி அமர்ந்தார். ஊரைச் சுற்றினார்கள். சத்தம் இல்லை. ஆற்றோரச் சாலை வரை போனார்கள். சத்தம் இல்லை. பள்ளம் தேடிப் போய் விழுந்தார்கள். இல்லை.

“உன் காதுல அழுக்கு, கொம்பாத்ரே.”

அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய முதல் வளைவிலேயே ‘ஸ்ஸ்... டக்.’

மறுபடி அழைத்து வந்தான். மறுபடி இல்லை. இப்படிப் பலமுறை. ஒவ்வொரு முறையும் தியோஃபிலோவின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. “வேலைல ஏதாச்சும் பிரச்சினையா? வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று மென்மையாக விசாரிக்கத் தொடங்கினார். ஒரு மனிதனைக் கலவரப்படுத்த இதைவிடப் பெரிய காரியம் வேண்டியதில்லை.

கோஸ்மே தனியாகவே துப்புத் துலக்கினான். வண்டி இறங்கிவிட்டபடியால் பழைய ஷாக் அப்சார்பர்கள் நீளம் மிஞ்சி அடியில் முட்டுகின்றன என்று கண்டு, குட்டையானவற்றைப் பொருத்தினான். முட்டுகிற ரப்பர் கட்டைகளைப் பாதியாகச் சீவினான். முன் சக்கரங்களின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்து, டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து அலைன்மென்ட் கடைக்குப் போனான். கடைக்காரர் குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். “தரைக்கு மேல ஓடுற வண்டின்னா கொண்டு வாங்க, பண்ணித் தரேன்” என்றார். அவரிடம் கெஞ்சி ஒருவாறு நேராக்கினான். இதற்கெல்லாம் பிறகு வண்டி முன்னிலும் அழகாகப் போனது. ‘ஸ்ஸ்... டக்’ முன்னிலும் தெளிவாகக் கேட்டது.

ஒரு சனிக்கிழமை பெர்சபேயை ஓட்டச் சொல்லிவிட்டு அவன் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு காது கொடுத்தான். ஊர் கண்டது இதுதான்: பெர்சபே நிதானமாக வண்டி ஓட்டிப் போகிறாள், டிக்கியிலிருந்து கணவனின் இரண்டு பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அன்று மாலை மூன்று பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். கையில் பீன்ஸ் குழம்பும் இருந்தது, துக்கத்துக்குக் கொண்டுபோவதுபோல.

“அது சான் இசித்ரோதான்” என்றாள் பெர்சபே அவர்கள் போன பிறகு. “முட்டி போட்டுக் கேட்டாலும்னு சொன்னியே. அவரு முட்டி போடல. பின்சீட்ல உக்காந்து ‘ச்சே’ங்கறாரு.”

கோஸ்மே சிரிக்கவில்லை. அவன் அஞ்சியது சத்தத்தை அல்ல, ஒரு பட்டப்பெயரை. அதற்கு எருதின் கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சான் இசித்ரோவின் இரண்டு எருதுகளில் வலது எருதுக்கு ஒரே கொம்புதான். இரண்டு தலைமுறைக்கு முன் பொறுப்பேற்ற ஒருவர், புனிதரைத் தம் குதிரை வண்டியில் ஏற்றிப் போய், வாய்க்கால் மேட்டில் கவிழ்த்துக் கொம்பை ஒடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வந்த மருமகள்கள் வரை எல்லோருக்கும் ‘கொம்பொடிச்சான்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானப் பெயரைத் தேவாலயத்தோடு மறந்துவிட்டார்கள். தியோஃபிலோ அந்தக் குடும்பத்துப் பேரன்தான். “அன்னிக்குக் கொம்பு போச்சு. ஏதோ கொம்போட போச்சு” என்று அவரே சொல்லிக்கொள்வார். கொம்போடு போகாவிட்டால் என்னவாகும் என்பதைத்தான் கோஸ்மே இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருந்தான். தலை ஒடிந்தால்? தன் மகள்களைக் கட்டுகிறவர்கள் ‘தலையொடிச்சான் மருமகன்’களாக வாழ்நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

ஆகவே ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. புனிதருக்குப் பதிலாக ஒரு வாளித் தண்ணீர். பெர்சபே பின்சீட்டில், கணவனுக்கு நேர் பின்னால் அமர்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். தியோஃபிலோ ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டியவர் என்பதால், அன்று முதன்முறையாக வண்டிக்கு வெளியே நடந்தார்.

முதல் வளைவில் அவர் நின்றார்.

“கொம்பாத்ரே! உன் வண்டி சத்தம் போடுது!”

கோஸ்மேயின் கண்ணில் நீர் நிறைந்தது. அவன் வண்டியை நிறுத்தி இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “நிஜமாவா? உனக்குக் கேட்டுச்சா? ஸ்ஸ்ஸுன்னு, அப்புறம் டக்குன்னு?”

“ஆமாங்கறேன்! இரு, கிட்ட கேக்கறேன்.” ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. சத்தம் நின்றது. இறங்கினார், சத்தம் வந்தது. ஏறினார், நின்றது. மூன்றாம் முறை இறங்கப் போனவரைப் பார்த்துப் பெர்சபே வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“கொம்பாத்ரே, வண்டிக்கு வந்த நோவுக்கு மருந்தே நீங்கதான். நீங்க வலப்பக்கம் உக்காந்ததும் இடப்பக்கம் தூக்கிக்குது பாருங்க.”

மூவரும் தரையில் படுத்துப் பார்த்தார்கள். இடது பின் டயர் மட்கார்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது டயருக்கோ கை நுழையும் இடைவெளி. பின் ஆக்சிலை ஒரு குறுக்குக் கம்பி சேஸிஸோடு பிடித்து வைத்திருக்கிறது. வண்டியின் உடம்பு கீழே இறங்க இறங்க அந்தக் கம்பி சாய்வு மாறி, ஆக்சிலையே இடப்பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கிறது. டயர் தகரத்தை உரசுவது ‘ஸ்ஸ்’. விளிம்பில் இடித்து விடுபடுவது ‘டக்’. டயரின் பக்கவாட்டில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. திருநாளன்று அது வெடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

“அவ்வளவுதானே? திருநாள் அன்னிக்கு நான் ஏறி உக்காந்துக்கறேன்” என்றார் தியோஃபிலோ பெருந்தன்மையாக.

ஏறி உட்கார்ந்தார். வாய்க்கால் மேட்டுக்குப் போனார்கள். தியோஃபிலோவின் கனத்தில் இம்பாலாவின் அடிவயிறு மேட்டின்மேல் உட்கார்ந்து, நான்கு சக்கரமும் தரையில் இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. வாளி கவிழ்ந்து பெர்சபே நனைந்தாள். பாவாடையைப் பிழிந்தாள், சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

நிலைமை இப்போது தெளிவாகிவிட்டது. தியோஃபிலோ ஏறாவிட்டால் டயர் வெடிக்கும். தியோஃபிலோ ஏறினால் புனிதர் கவிழ்வார். மருந்து ஒன்றுதான் என்பது பள்ளத்தாக்கில் பல் முளைத்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வண்டியை உயர்த்த வேண்டும்.

“இல்லன்னா புனிதரை என் பிக்கப்ல ஏத்திக்கலாம்” என்றார் தியோஃபிலோ.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், கொம்பாத்ரே.”

“எல்லார் முன்னாடியும் என்னல்லாமோ சொல்றோம். எங்க தாத்தாகூட ‘என் குதிரைக்கு இந்த மேடு பழக்கம்’னுதான் சொன்னாராம்.”

கோஸ்மேக்கு இன்னொரு வழி தோன்றியது. தன் வாசகத்தின் பின்பாதியை அவன் மறக்கவில்லை. தரை கீழே இறங்கலாமே! மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கிரேடரைத் திருப்பி வாய்க்கால் மேட்டுக்கு வந்தான். டோன்யா கசிமிரா மேட்டின் நடுவில் மண்வெட்டியை ஊன்றி, வாயில் சிகரெட்டோடு நின்றிருந்தார். எப்படித் தெரிந்ததோ.

“என்ன மகனே, இவ்ளோ பெரிய சீப்பு எடுத்துட்டு வந்திருக்க?”

“டோன்யா கசிமிரா, மேட்ட ஒரு சாண் வழிச்சு விட்டா...”

“அந்த ஒரு சாணுக்குக் கீழதான் குழாய் இருக்கு. குழாய் நசுங்குனா தண்ணி உன் மீசையிலயா ஓடும்? கரையில ஒரு கை மண்ணு எடுக்கறதுன்னாலும் உங்க அப்பா தொப்பியக் கழட்டிட்டு வந்து கேப்பாரு. நீ இன்ஜினக்கூட அணைக்கல.”

கோஸ்மே இன்ஜினை அணைத்தான். தொப்பியையும் கழற்றினான்.

“தரை கீழ இறங்கட்டும்னு சொன்னியாமே? நானும் தரையக் கேட்டுப் பாத்துட்டேன்” என்றார் டோன்யா கசிமிரா. “முடியாதாம்.”

அன்று அவன் கிரேடரைப் பின்னோக்கியே தார்ச்சாலை வரை ஓட்டிப் போனான். திருப்பக்கூட மனமில்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. பெர்சபே புனிதருக்குப் புது மேலங்கி தைத்து முடித்திருந்தாள். பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவதற்காக, “கொஞ்சம் பிடி” என்று சிலையைக் கணவனிடம் கொடுத்தாள். இத்தனை மாதமும் அவன் வீட்டு அலமாரிமேல் இருந்தும், அவன் புனிதரைக் கையில் தூக்கியது அன்றுதான். காய்ந்த சுரைக்குடுக்கை கனம்கூட இல்லை. வேரெல்லாம் பூச்சி அரித்து உள்ளே வெறும் காற்று. பெர்சபே மேலங்கியைத் தோளில் போட லேசாகச் சாய்த்தபோது சிலையின் கழுத்துக்குள் ஏதோ அசைந்தது.

‘டக்.’

கோஸ்மேயின் முதுகில் வேர்த்தது.

“கேட்டுச்சா?” என்றான்.

“கழுத்து எப்பவோ விட்டுப் போச்சு” என்றாள் பெர்சபே, ஊசியை வாயில் கவ்வியபடி. “போன வருஷக்காரங்க பிசின் வெச்சு ஒட்டியிருக்காங்க. ஒரு குலுக்கலுக்குத் தாங்கும். ரெண்டாவதுக்கு எனக்குத் தெரியாது.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உனக்குத்தான் பின்னாலேர்ந்து சத்தம் வந்தா நல்லாக் கேக்குமே.”

அவன் சிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பொத்தான் தைத்து முடித்த பிறகும் நின்றான். “போதும், குடு” என்று அவள் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

திருநாளுக்கு முந்தைய பகல் முழுவதும் ஊர் சிற்றாலயத்தில் இருந்தது. பெண்கள் வைக்கோல் கலந்த சேற்றைச் சுவரில் பூசினார்கள், ஆண்கள் அதைச் சுமந்து கொடுத்தார்கள். பொறுப்பாளனான கோஸ்மே மட்டும் காலையில் முகம் காட்டிவிட்டு, ஆற்றுக்கு அப்பால் பழைய வண்டிகள் கிடக்கும் கொல்லைக்கு ஒரு சின்னச் சோலியாகப் போனவன், சாயங்காலம்தான் திரும்பினான். எல்லோர் கையிலும் சேறு. அவன் நகக்கண்களில் மட்டும் கிரீஸ். வலது கை விரல் முட்டி இரண்டில் தோல் உரிந்திருந்தது. “கதவு இடிச்சுடுச்சு” என்றான். எந்தக் கதவு என்று பெர்சபே கேட்கவில்லை. அவள் கேட்காத கேள்விகள் எப்போதுமே கவனத்துக்குரியவை.

திருநாள் விடிந்தது. இம்பாலா சிற்றாலயத்து வாசலில் வந்து நின்றபோது ஊரே கொஞ்சம் குழம்பியது. இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழிருந்து தரை வரை, சக்கரங்களும் மறைய, பெர்சபே வெள்ளை லேஸ் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நடுநடுவே காகிதப் பூக்கள். முன்னும் பின்னும் மட்டும் திறந்திருந்தது. வெள்ளைப் பட்டை போட்ட டயரைப் பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பவன் சக்கரத்தை மூடி வைப்பானா?

“தேஞ்ச டயர மறைக்கறான்” என்று தியோஃபிலோ என் காதோடு சொன்னார். அவர் முகம் வெளிறியிருந்தது. “மறைச்சா வெடிக்காதா? எங்க தாத்தா கதைதான் திரும்பப் போகுது, பாத்துக்கோ.”

புனிதர் பின்சீட்டின் நடுவில் ஏறினார். கயிறு கட்டலாம் என்று யாரோ சொன்னதற்கு, “கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறோமா?” என்று கேட்டாள் பெர்சபே. ஏறி, கணவனுக்கு நேர் பின்னால் அமர்ந்து, சிலையின் இடுப்பை அணைத்துக்கொண்டாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். புனிதருக்கு ஒரு கை என்றால் இம்பாலாவின் பின்பக்கத்துக்கு இரண்டு கை. அவரும் செய்தி கேட்டிருந்தார்.

ஊர்வலம் நகர்ந்தது. செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தார்கள், ஆனால் ஒவ்வொருவர் காதும் இடது பின் சக்கரத்தின்மேல் இருந்தது. முதல் வளைவு வந்தது. ‘அருள் நிறைந்த மரியே’ பாதியில் நின்று, ஊர் மூச்சைப் பிடித்தது.

ஒன்றும் இல்லை. பாட்டுப் பாடும் பறவை ஒன்று மட்டும், நிலைமை தெரியாமல்.

இரண்டாம் வளைவு. பள்ளம். ஒன்றும் இல்லை. சத்தம் வருவதைவிட வராமலிருப்பது தியோஃபிலோவை அதிகம் கலக்கியது. “நான் ஏறவே இல்லையே, எப்படி?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வண்டிக்கு முன்னால் நடந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்து, குட்டையில் கால் வைத்தார்.

வாய்க்கால் மேடு வந்தது. மதகின் அருகே டோன்யா கசிமிரா மண்வெட்டியோடு காத்திருந்தார். புனிதர் கடந்த பிறகு இருக்கிற தண்ணீரைத் திறந்துவிடுவது அவர் பங்கு. கோஸ்மே வண்டியை நிறுத்தினான். மீசையில் வேர்வை நின்றது. தியோஃபிலோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கதவோரம் வந்து, கையை உள்ளே விட்டு, டாஷ்போர்டிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்தார்.

“என்ன பண்ற?” என்றான் கோஸ்மே. குரல் உயரவில்லை.

“அளவு பாக்கறேன் கொம்பாத்ரே. எந்த இடத்துல இடிக்குதுன்னு தெரிஞ்சா, கையக் குடுத்துத் தாங்கிக்கலாம். ஒரு கொம்புக்கே நாங்க பட்டது போதும்.”

மேட்டின் உச்சியில், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவில், பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார். ஊரும் ஒதுங்கியது. பெர்சபே புனிதரை இன்னும் இறுக்கினாள். அவருடைய கழுத்தின்மேல் ஒரு கை, ஒற்றைக் கொம்பு எருதின்மேல் ஒரு கை.

இம்பாலா ஏறியது. செர்ரி நிற மூக்கு மேட்டின் உச்சியைத் தாண்டியது. வயிறு உச்சிக்கு மேலே வந்தது. நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரும்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். லேஸ் துணி காற்றில் லேசாக ஆடியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கியது. புனிதரின் தலை நேராக இருந்தது.

வண்டி போன பிறகு மேட்டின்மேல் பார்த்தோம். சிகரெட் பெட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. உரசல் இல்லை. ஒரு பக்கம் சாயக்கூட இல்லை.

பாதிரியார் தம் செபப் புத்தகத்தைப் புதிதாகக் கண்டவர்போலப் பார்த்தார். தியோஃபிலோ குனிந்து பெட்டியை எடுத்தார். அதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு ஓட்டமும் நடையுமாக வண்டியின் பக்கம் வந்தார்.

“கொம்பாத்ரே... பெட்டி விழல.”

கோஸ்மே திரும்பவில்லை. எதிரே விரிந்த வறண்ட வயல்களைப் பார்த்தபடி, கல்யாணப் பெண் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டுக்கொண்டே, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உரிந்த விரல் முட்டிகளை மட்டும் சற்று மடக்கிக்கொண்டான்.

“அத டோன்யா கசிமிராகிட்ட குடுத்துடு” என்றான். “நான் பிடிக்கறதில்ல.”